செவ்வாய்க்கிழமைக் கடல்

பார்க்கிங், லண்டன்
22.04.2001

அன்புத் தம்பி ராசனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் சுகம். உனக்குக் காய்ச்சல் விட்டதா? மலேரியாக் குளிசையை முழுவதும் எடுத்தாயா, பாதியில் நிறுத்திவிட்டாயா? உன்னை எனக்குத் தெரியும்.

ஜனவரியில் நீ கொழும்பை விட்டு வெளிக்கிட்டபோது, பத்து நாளில் லண்டன் என்று ஏஜென்ட் சச்சிதானந்தன் அண்ணை சொன்னார். மூன்று மாதமாகிவிட்டது. உன் கடிதம் வந்த பிறகு வேலைத்தலத்தில் இருந்த அட்லஸில் கானாவைத் தேடி, அதன் கரையில் எல்மினாவைக் கண்டுபிடித்தேன். கடலோரம் என்று கண்டதும் கொஞ்சம் நிம்மதி. கடல் உனக்குப் புதிதில்லையே.

உன்னோடு நிற்கும் கணேஸ்வரனின் மனைவி நீலவேணி ஒவ்வொரு ஞாயிறும் சட்டனிலிருந்து இரண்டு ரயில் மாறி இங்கே வருகிறாள். கணேஸ்வரன் இன்னும் முகம் பார்க்காத மகள் சுவர்ணாவுக்கு ஐந்து வயது. நீ எழுதியதில் அவருடைய பெயர் வரும் வரிகளை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள்.

அத்தான்தான் கடிதத்தைத் தபாலில் போடுவார். நீ மயிலிட்டியில் வள்ளம் ஓட்டியவன் என்று சச்சி அண்ணையிடம் சொல்லியிருக்கிறாராம். அது நல்லதுக்குத்தான் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
கலாவதி

எல்மினா
11.05.2001

அன்பு அக்காவுக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. குளிசையைப் பாதியில்தான் நிறுத்தினேன், ஏச வேண்டாம்.

நாங்கள் பதினொரு பேர், இரண்டு அறை. வீட்டுக்காரி அராபா முற்றத்தில் வட்டமான மண் அடுப்புகளில் மீன் புகை போட்டு விற்கிறாள். அவளுடைய தம்பி கோஜோவுக்குச் சொந்த வள்ளம் இருக்கிறது. நான் சும்மா இருக்க ஏலாமல் ஒருநாள் அவனுடைய வலையில் கிழிசலைப் பார்த்துப் பொத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் தினமும் ஒரு மீன் அதிகம். கணேஸ் அண்ணைக்குப் பாதி கொடுத்துவிடுவேன்.

இங்கே கடல்தண்ணீர் ஊருக்குள் புகுந்து ஒரு களப்பாகக் கிடக்கிறது. பென்யா என்று அதற்குப் பெயர், அதன் தெய்வத்துக்கும் அதே பெயர்தான். இந்த மாதத்திலிருந்து அதில் யாரும் வலை போடக்கூடாது. மேளம் அடிக்கவும் கூடாதாம். ஜூலை முதல் செவ்வாய்க்கிழமை சடங்கு செய்து, வலை வீசி, களப்பைத் திறப்பார்கள். பக்காத்துவே என்று அந்தத் திருநாளைச் சொல்கிறார்கள். அதுபோல எந்தச் செவ்வாய்க்கிழமையும் ஒருவரும் கடலுக்கு இறங்குவதில்லை. கடலுக்கு அன்று ஓய்வு.

மயிலிட்டியில் பதினொரு வருடமாக ஆமிக்காரன் கம்பி போட்டு எங்கள் கடலை மூடி வைத்திருக்கிறான். இங்கே சனங்கள் தாங்களாகவே மூடித் தாங்களாகவே திறக்கிறார்கள். எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

சச்சியின் ஆள் இங்கே ஒருவன் இருக்கிறான். மாஸ்டர் என்று கூப்பிடுவோம். தூரக் கடலில் கப்பல் ஒன்று வந்து நிற்கும், அதுவரைக்கும் வள்ளத்தை நீதான் ஓட்ட வேண்டும் என்கிறான். எத்தனை மைல் என்று கேட்டேன். போனால் தெரியும் என்றான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நீலவேணி அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். பதிலைச் சுணக்க வேண்டாம்.

தம்பி,
இராஜேந்திரன்

பார்க்கிங்
27.05.2001

அன்புத் தம்பி ராசனுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என நம்புகிறேன்.

வள்ளம் ஓட்டுவது பற்றிக் கேட்டிருந்தாய். அத்தான் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டார். பயப்பட ஒன்றும் இல்லை. மாஸ்டர் சொல்கிறபடி செய். நீ மறுத்தால் மற்றப் பத்துப் பேரின் பயணமும் கெட்டுப்போகும். அந்தப் பழி எங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். நீலவேணியும் இங்கே வந்து உன்னைத்தான் நம்பியிருப்பதாகச் சொல்லி அழுதாள்.

அத்தான் பக்கத்தில் இருக்கிறார். கடிதம் இதோடு முடிகிறது.

கலாவதி

எல்மினா
08.06.2001

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் ஒரு பக்கம் கூட இல்லை. குளிசை எடுத்தாயா என்று கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எழுத்து உங்களுடையது, கதை உங்களுடையது மாதிரி இல்லை. உங்களுக்கு ஏதும் சுகமில்லையா?

நாள் குறித்துவிட்டார்கள். ஜூலை மூன்று, செவ்வாய்க்கிழமை, பக்காத்துவே அன்று. ஊர் முழுவதும் பொலிசும் களப்படியில் நிற்கும், கடலோரம் இருக்கும் பழைய கோட்டைக்குப் பின்பக்கக் கரையில் ஈ காக்கை இருக்காது என்று மாஸ்டர் சொல்கிறான். பழைய வள்ளம் ஒன்றை வாங்கி அங்கே இழுத்து விட்டிருக்கிறான். போய்ப் பார்த்தேன். முன்பக்கம், அணியத்தில் வெடிப்பு. தாரால் பூசி மறைத்திருக்கிறது.

"செவ்வாய்க்கிழமை இறங்கக்கூடாது, அதுவும் அண்டைக்கு" என்று நான் சொன்னேன். கணேஸ் அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "அது அவையின்ர சட்டம். எங்களுக்கென்ன? நான் பிள்ளையைப் பாக்கவேணும் ராசன்" என்றார். அவர் வவுனியாவில் பள்ளிக்கூடக் கிளாக்காக இருந்தவர். நீந்தத் தெரியாது. கடலை அவர் ரோட்டு மாதிரி நினைக்கிறார்.

அக்கா, நான் உங்களை மட்டும்தான் கேட்கிறேன். அத்தான் இல்லாத நேரம் பார்த்து எழுதுங்கள். வா என்று நீங்கள் எழுதினால் வள்ளத்தை எடுக்கிறேன். வேண்டாம் என்றால் மாட்டேன். அராபா போகும் வேதக்கோயிலின் தபால் பெட்டி விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். அதற்குப் போட்டால் மாஸ்டர் கண்ணில் படாது. மூன்றாம் திகதிக்கு முன் கிடைக்க வேண்டும்.

தம்பி,
ராசன்

பார்க்கிங்
21.06.2001

ராசன்,

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சலவை அறையிலிருந்து எழுதுகிறேன். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அத்தான் வேலைக்குப் போன பிறகு தபால்காரன் வந்தது என் நல்ல காலம்.

வள்ளத்தில் ஏறாதே. ஒருவரையும் ஏற விடாதே. கப்பல் ஒன்றும் இல்லை.

மே மாதம் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் குமுதா என்ற பெண்ணைச் சந்தித்தேன். அவளுடைய தம்பியையும் சச்சிதான் அனுப்பினான். பெப்ரவரியில் உங்கள் பக்கத்து நாட்டுக் கரையிலிருந்து ஒன்பது பேர் வள்ளத்தில் இறங்கினார்களாம். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. வீட்டுக்கு வந்து அத்தானிடம் கேட்டேன். "விசர்க் கதை கதையாதை" என்றார். போன வெள்ளிக்கிழமை அவர் குசினியில் நின்று சச்சியோடு போனில் கதைத்ததைக் கேட்டேன். "கப்பல் எங்க அண்ணை வருது? கரையை விட்டு இறங்கினாச் சரி, அதுக்குப் பிறகு எங்களிட்டைக் காசை ஆர் திருப்பிக் கேக்கப்போகினம்?" என்று சிரித்தார். என் தம்பியும் அதில் போகிறான் என்று தெரிந்துகொண்டே சிரித்தார்.

போன கடிதம் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. நான் எழுதாமல் விட்டிருக்கலாம். பேனையை எடுத்தது என் கைதான்.

போன் செய்ய என்னிடம் மாஸ்டரின் நம்பரைத் தவிர வேறு இல்லை. அதில் கூப்பிட்டால் அரை மணித்தியாலத்தில் அத்தானுக்குத் தெரிந்துவிடும். நீலவேணியிடம் சொல்லத் துணிவில்லை. அவள் நேரே வந்து அத்தானிடம்தான் கேட்பாள்.

சாப்பிடு. குளிசையை முடி. இது நேரத்துக்குக் கிடைக்க வேண்டும்.

அக்கா

எல்மினா
08.07.2001

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எழுதியது ஆறாம் திகதி வெள்ளிக்கிழமைதான் அராபாவிடம் வந்தது. ஆனால் நான் வள்ளத்தை எடுக்கவில்லை. கவலை வேண்டாம்.

ஏன் எடுக்கவில்லை என்று எழுதினால் சிரிப்பீர்கள். திங்கட்கிழமை மத்தியானம் அராபா எங்கள் பதினொரு பேருக்கும் சோறு போட்டாள். "நாளைக்கு நீங்களும் களப்படிக்கு வரவேணும். தண்ணி திறக்கும்போது நிக்கிற ஆக்களுக்கெல்லாம் அந்த வருஷம் பங்கு இருக்கு" என்று கோஜோ அவளுடைய பேச்சை இங்கிலீசில் சொன்னான். அவர்கள் கையால் சாப்பிட்டுவிட்டு அடுத்த நாளே அவர்கள் கடலில் களவாக இறங்க எனக்கு மனம் வரவில்லை. அணியத்து வெடிப்பும் கண்ணுக்குள் நின்றது. பின்னேரம் மாஸ்டரிடம் மாட்டேன் என்று சொன்னேன். வியாழக்கிழமை வேறு வள்ளம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றேன். கப்பல் செவ்வாய்தான் நிற்கும் என்றான். மற்றவர்கள் எனக்கு அடித்தார்கள். உதடு கிழிந்தது, இப்போது ஆறிவிட்டது.

திருநாள் பெரிய திருநாள். பெண்கள் தலைமுடிக்குள் பொன் நகை செருகி, பட்டு மாதிரித் துணி உடுத்தி வந்தார்கள். அரசரைப் பல்லக்கில் கொண்டுவந்தார்கள். கிழங்கை மசித்துச் செம்பனை எண்ணெய் ஊற்றிக் குழைத்து, அவித்த முட்டையோடு களப்புத் தண்ணீரில் படைத்தார்கள். பிறகு ஓர் ஆள் வீச்சுவலையை எடுத்தார். அவ்வளவு சனமும் மூச்சுக் காட்டவில்லை. மூன்று தரம் வீசினார். முதல் இரண்டு தரமும் சின்ன மீன். மூன்றாம் தரம் வலை கனத்து வந்தது. துவக்கு வெடித்தது, மேளம் தொடங்கியது, வள்ளங்கள் எல்லாம் ஓடத் தொடங்கின. பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எல்லோரும் சுகம். கணேஸ் அண்ணை அக்ராவுக்குப் போயிருக்கிறார். வந்ததும் எழுதுவார் என்று நீலவேணி அக்காவிடம் சொல்லுங்கள்.

தம்பி,
ராசன்

பார்க்கிங்
20.07.2001

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் நின்று அழுதேன். உதட்டுக் காயத்துக்கு மருந்து போட்டாயா?

அன்றே நீலவேணிக்குப் போன் பண்ணினேன். கணேஸ்வரன் சுகம், அக்ராவில் நிற்கிறார் என்று சொன்னேன். அவள் அம்மனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு, பிரசாதத்தை இவ்வளவு தூரம் கொண்டுவந்து தந்தாள்.

ஆனால் நேற்றுச் சச்சி வீட்டுக்கு வந்தான். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். "உன்ர மச்சான் கெடுத்தும் நாலு பேர் இறங்கிட்டினம்" என்று அத்தானிடம் சொன்னான். நான் கேட்டுக்கொண்டு நிற்பதைக் கண்டதும் கதையை மாற்றினான்.

நாலு பேர் யார்? அக்ராவில் போன் இல்லையா? கணேஸ்வரன் ஏன் பெண்சாதியோடு ஒரு வார்த்தை பேசவில்லை? நீ எல்லோரும் சுகம் என்று எழுதினாய். நான் அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

ராசன், உண்மையை எழுது. எதுவானாலும் எழுது.

அக்கா

எல்மினா
01.08.2001

அன்பு அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே மூன்று தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன்.

கணேஸ் அண்ணை இறந்துவிட்டார்.

மன்னார்க்காரர் ஒருவர் தனக்கு மோட்டர் ஓட்டத் தெரியும் என்று சொல்ல, அவரோடு கணேஸ் அண்ணையும் வேறு இரண்டு பேரும் செவ்வாய்க்கிழமை இறங்கிவிட்டார்கள். மற்ற ஆறு பேர் பயந்து நின்றுவிட்டார்கள். மூன்றாம் வலை வீசித் துவக்கு வெடித்த நேரம்தான் வள்ளம் போனது. சனமெல்லாம் களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் தூரத்தில் நின்று கண்டேன். கத்தவில்லை. முதல் நாள் அடித்த அடியும், "பயந்தாங்கொள்ளி" என்று கணேஸ் அண்ணை என்னைச் சொன்னதும் மனதில் இருந்தது. போ, போய்ப் பார் என்று நினைத்தேன்.

பின்னேரம் மனம் பொறுக்காமல் அராபாவிடம் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கோஜோவின் காலைப் பிடித்தேன். "இண்டைக்கு ஒருத்தரும் இறங்கேலாது. விடியட்டும்" என்றான். அவனும் கரையிலேயே உட்கார்ந்திருந்தான், வீட்டுக்குப் போகவில்லை. புதன் விடிய ஏழு வள்ளம் போனது. கோஜோவின் வள்ளத்தில் நானும் போனேன். இந்தக் கடலில் நீரோட்டம் கிழக்கே இழுக்கும். ஐந்து நாள் கிழக்கே தேடிவிட்டு எட்டாம் திகதி எரிபொருளுக்காகக் கரைக்கு வந்தபோதுதான் உங்களுக்கு அந்தப் பொய்யை எழுதினேன். நாளைக்குப் பிடித்துவிடுவோம், அவரே உங்களுக்கு எழுதுவார் என்று நம்பி எழுதினேன்.

ஒன்பதாம் திகதி அப்பாம் என்ற ஊர்க்காரர்கள் வள்ளத்தைக் கண்டு இழுத்து வந்தார்கள். மோட்டர் இரண்டாம் நாளே நின்றுவிட்டதாம். கப்பலை அவர்கள் காணவே இல்லை. மூன்று பேர் உயிரோடு ஆஸ்பத்திரியில். கணேஸ் அண்ணை அவர்கள் காண்பதற்கு முதல் நாள் விடியற்காலை போய்விட்டார். அப்பாமிலேயே அடக்கம் செய்தோம். அராபா வந்து நின்றாள்.

விலக்கு நாளில் கடலில் இறங்கியதற்கு எல்மினாப் பெரியவர்கள் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான்தான் பொறுப்பு என்று சொன்னேன். ஒரு செம்மறியும் சாராயமும் கேட்டார்கள். கோஜோவே கொடுத்தான். அதற்காக அவனுடைய வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறேன்.

நீலவேணி அக்காவிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ராசன்

வெஸ்ட் ஈலிங், லண்டன்
14.08.2001

அன்புத் தம்பிக்கு,

விலாசம் மாறியிருக்கிறது, கவனி. இப்போது குமுதா வீட்டு மேல் அறையில் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சட்டனுக்குப் போனேன். நீலவேணி சுவர்ணாவின் புதுப் பள்ளிக்கூட உடுப்பை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்து அறைக்கு அனுப்பினாள். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். அழவில்லை.

"கப்பல் இல்லையெண்டு உங்களுக்கு எப்ப தெரியும் அக்கா?" என்று கேட்டாள்.

"ஜூன் மாதம்."

"ஜூனிலை எத்தினை ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டுக்கு வந்தனான்?"

அவள் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "எனக்கு அவருக்குக் கடிதம் எழுதத் தெரியும். உங்கட தம்பி சொன்னால் கேளாதவர், நான் சொன்னால் கேட்டிருப்பார்" என்றாள். பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே வந்தேன்.

அடுத்த நாள் குமுதாவையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். சச்சியின் பெயரைச் சொன்னேன். உன் அத்தானின் பெயரையும் சொன்னேன். தியாகராஜா என்று எழுத்துக் கூட்டிச் சொன்னபோது அந்தப் பொலிஸ்காரப் பெண் நிமிர்ந்து, "உங்களுடைய குடும்பப் பெயரும் இதுதானே?" என்று கேட்டாள். ஓம் என்றேன். இருவரையும் பிடித்துவிட்டார்கள். உன்னிடமும் வாக்குமூலம் கேட்பார்கள்.

நீ எழுது. நான் இருக்கிறேன்.

அக்கா

சட்டன்
20.08.2001

இராஜேந்திரனுக்கு,

நீலவேணி எழுதுகிறேன். உம்முடைய அக்காவிடம் விலாசம் வாங்கவில்லை. அவர் கொண்டுவந்து தந்த கடிதத்தில் இருந்ததைப் பார்த்து எழுதுகிறேன்.

அவரை அடக்கம் செய்ததற்கும், தேடிப் போனவர்களுக்கும் என் நன்றியைச் சொல்லும். அந்த அம்மாவுக்கு முக்கியமாகச் சொல்லும்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அன்றைக்கு நீர் அவரைக் கூப்பிட்டிருந்தால் அவர் திரும்பி வந்திருப்பாரா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றும் எழுத வேண்டாம்.

சுவர்ணா சுகம்.

நீலவேணி

எல்மினா
03.09.2001

மதிப்புக்குரிய நீலவேணி அக்காவுக்கு,

உங்கள் நன்றியை அராபாவிடமும் கோஜோவிடமும் சொன்னேன். அராபா உங்கள் பெயரைக் கேட்டுச் சொல்லிப் பார்த்தாள். பிள்ளையின் பெயரையும் கேட்டாள். இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்கிறாள்.

ஓம். திரும்பி வந்திருப்பார்.

தூரத்தில் நின்று கண்டேன் என்று அக்காவுக்கு எழுதினேன். அது பொய். மூன்றாம் தரம் வலை வீசுவதற்கு முன்பே நான் சனத்தை விட்டு விலகி, கோட்டை மதிலைச் சுற்றி அந்தக் கரைக்குப் போய்விட்டேன். மற்ற மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். கணேஸ் அண்ணை இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அலை வரும்போதெல்லாம் கண்ணை மூடினார். ஏற அவருக்குப் பயம். அப்போது திரும்பிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் வெளித்தது. நான் வள்ளம் ஓட்ட வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். கையை உயர்த்தி, வா வா என்று இரண்டு தரம் காட்டினார்.

வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று நான் கையைக் காட்டியிருந்தால் போதும். அவர் வள்ளத்தை விட்டிருப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். மதில் முடக்கில் திரும்பும்போது மோட்டர் சத்தம் கேட்டது.

மன்னிக்கும்படி கேட்க இதை எழுதவில்லை. கேட்டீர்கள், அதனால் எழுதினேன்.

பொலிசாரிடமிருந்து இங்கே கடிதம் வந்தது. போன வெள்ளிக்கிழமை அக்ராவுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தேன். எவ்வளவு தூரத்தில் நின்றாய் என்று அந்த அதிகாரி கேட்டார். முப்பது கஜம் என்றேன். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, வழக்குக்கும் அது தேவையில்லை என்றார். இருந்தாலும் எழுதிக்கொள்ளச் சொல்லி, அதற்குக் கீழே கையெழுத்து வைத்தேன்.

இராஜேந்திரன்